எந்த நாளிலிருந்து எண்ணுவது? கர்ப்பப் பரிசோதனைக் கிட் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டிலேயே செய்துபார்க்கும் கர்ப்பப் பரிசோதனைக் கிட்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

உங்களில் ஒரு நிறுவனம் சமீபத்தில் பெட்டியின் முகப்பை மாற்றியிருக்கிறது. முன்பு 'மாதவிலக்கு தள்ளிப்போன நாளிலிருந்து' என்று இருந்த இடத்தில், இப்போது 'தள்ளிப்போவதற்கு 6 நாள் முன்பே தெரிந்துகொள்ளலாம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இதில் அவர்கள் தனி ஆள் இல்லை. யார் சீக்கிரம் சொல்வது என்று உங்களுக்குள் நடக்கும் போட்டியில் இது இன்னொரு அடி, அவ்வளவுதான். அந்தப் போட்டியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கருத்தடை, கர்ப்பம் பற்றிய சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் ஒரு தொலைபேசி ஆலோசனை மையத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். உங்கள் பெட்டி சொல்லாமல் விட்டதைச் சொல்வதிலேயே என் நேரத்தில் பாதி போகிறது.

எங்களை அழைப்பவர்கள் யாரும் 'எனக்கு மாதவிலக்கு இன்ன தேதியில் வர வேண்டும்' என்று பேச்சைத் தொடங்குவதில்லை. "முந்தாநாள் ராத்திரி ஆணுறை கிழிஞ்சிருச்சு", "சனிக்கிழமை எதுவும் இல்லாம இருந்துட்டோம்", "வெளியே எடுத்துட்டார், ஆனா சந்தேகமா இருக்கு" என்றுதான் தொடங்குகிறார்கள். பயந்துபோன ஒருவரிடம் இருப்பது ஒரே ஒரு தேதி: உறவு கொண்ட நாள். அவர் அதிலிருந்துதான் எண்ணுகிறார். உங்கள் பெட்டியோ, அவருக்குப் பெரும்பாலும் உறுதியாகத் தெரியாத வேறொரு நாளிலிருந்து எண்ணச் சொல்கிறது. உறவு கொண்ட நாளைப் பற்றி முகப்பிலும் ஒரு வார்த்தை இல்லை, பின்பக்கத்திலும் இல்லை.

இதனால் என்ன ஆகிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். இது ஒருத்தி கதை இல்லை. திரும்பத் திரும்பக் கேட்பது. ஒரு பெண் அழைக்கிறாள். பாதுகாப்பில்லாத உறவு நடந்து மூன்று நாள். மறுநாளே கிட் வாங்கிப் பார்த்திருக்கிறாள், ஒரு கோடு. சந்தேகம் தீராமல் அடுத்த நாள் இன்னொன்று, அதுவும் ஒரு கோடு. "ரெண்டு தடவையும் நெகட்டிவ் அக்கா, அப்போ ஒண்ணும் இல்லதானே?" என்கிறாள். அப்படிச் சொல்ல முடியாது என்பதுதான் பதில். அந்த இரண்டு சோதனைகளுக்கும் அர்த்தமே கிடையாது. அந்த நாளில் யார் சோதித்தாலும், பின்னால் கர்ப்பம் ஆகப்போகிறவர் உட்பட, அந்த உறவைப் பற்றி அதே ஒற்றைக் கோடுதான் வரும்.

வீணான கிட்டின் காசைப் பற்றி நான் எழுதவில்லை. அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்து நிம்மதியாகிவிட்டவர்கள் எங்களை அழைப்பதே இல்லை. அந்த நாட்களில்தான் அவசரக் கருத்தடை வேலை செய்யும். லெவோனார்ஜெஸ்ட்ரல் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும். யூலிப்ரிஸ்டல் என்ற மாத்திரைக்கு 120 மணி நேரம் வரை, அதாவது 5 நாள் வரை அவகாசம் உண்டு. அதே 5 நாளுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொண்டால் இருப்பதிலேயே அதிகப் பாதுகாப்பு அதுதான்; நூற்றில் 99 பேருக்கு மேல் கர்ப்பம் தவிர்க்கப்படும். மாத்திரைகள் கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுகின்றன. ஏற்கெனவே பதிந்துவிட்ட கர்ப்பத்தை லெவோனார்ஜெஸ்ட்ரல் கலைக்காது, அதனால் தாமதமாக எடுத்துப் பயனில்லை. சரி, இந்த 5 நாளும் உங்கள் கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'நல்லவேளை, நெகட்டிவ்' என்று இருந்த ஒருவரை யோசித்துப் பாருங்கள். உங்கள் கிட் அவரிடம் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டது. மூன்று வாரம் கழித்து அவர் அழைக்கும்போது எங்களால் அந்த 5 நாளைத் திருப்பிக் கொடுக்க முடிவதில்லை.

எப்போது பார்த்தால் அர்த்தமுண்டு என்பது ஒன்றும் ரகசியமல்ல. உங்கள் ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரியாதவர்கள் இந்த மடலைப் படிப்பார்கள் என்பதால் இங்கே விரித்து எழுதுகிறேன்.

உறவு கொண்ட அன்றே கருத்தரிப்பு நடந்தாக வேண்டும் என்பதில்லை. விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். கருமுட்டை வெளியான பிறகு அதற்கு ஆயுள் ஒரு நாள்தான், சில நேரம் அதற்கும் குறைவு. ஆகவே திங்கட்கிழமை நடந்த உறவால் வெள்ளிக்கிழமை கரு உருவாகலாம். உருவான கரு உடனே கருப்பையில் பதிவதில்லை. கருமுட்டை வெளியான நாளிலிருந்து 6 முதல் 12 நாளுக்குள் பதிகிறது. பெரும்பாலானவர்களுக்கு 8, 9 அல்லது 10-ஆம் நாள். பதிந்த பிறகுதான், உங்கள் கிட் தேடும் எச்.சி.ஜி. ஹார்மோன் தாயின் இரத்தத்துக்கு வருகிறது, அங்கிருந்து சிறுநீருக்கு. முதல் நாட்களில் அது ஏறக்குறைய இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. சாதாரணக் கிட் பலவற்றுக்கு, ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 25 மில்லி அலகு என்ற அளவை அது எட்டினால்தான் இரண்டாவது கோடு தெரியும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். விந்தணு காத்திருக்கக்கூடிய 5 நாள், கரு பதிய 12 நாள், மொத்தம் 17. ஹார்மோன் தேவையான அளவுக்கு ஏற இன்னும் சில நாள். 21 நாள் என்ற கணக்கு இப்படித்தான் வருகிறது. மாதவிலக்கு எப்போது வரும் என்று தெரியாதவர்கள் கடைசியாகப் பாதுகாப்பில்லாத உறவு கொண்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள் கழித்துச் சோதிக்க வேண்டும் என்று பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை தன் மக்களுக்குச் சொல்கிறது. ஒரே வரி. அந்த வரி உங்கள் பெட்டியில் இல்லை.

இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். உறவு கொண்டு மூன்றாம் நாள் ஒருவருக்கு இரண்டு கோடு வந்தால், அந்தக் கர்ப்பம் மூன்று நாளுக்கு முன் நடந்த உறவால் வந்தது அல்ல; அதற்கும் முன்னால் நடந்த உறவால் வந்தது. இது தெரியாமல் உடைந்த உறவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, 6 நாள் முன்பே என்ற விளம்பரம். அதை முழுப்பொய் என்று நான் சொல்லவில்லை. சிலருக்குச் சில நேரம் அப்படிக் காட்டும். பெட்டிக்குள் நாலாக மடித்து வைத்த தாளில், பொடி எழுத்தில், எத்தனை நாள் முன்பு சோதித்தால் எத்தனை சதவீதம் கண்டுபிடிக்கும் என்ற பட்டியலும் இருக்கிறது. முன்னால் போகப்போக எண் இறங்குகிறது. அந்த இறக்கம் மட்டும் முகப்புக்கு வருவதில்லை. முகப்பில் இருப்பது '99 சதவீதத்துக்கும் மேல் துல்லியம்'. அந்த 99 ஆய்வகத்தில், ஹார்மோன் போதுமான அளவுக்கு இருக்கும் மாதிரியை வைத்துப் பார்த்த எண். கழிவறையில் நடுங்கும் கையோடு நிற்கும் ஒருவருக்கு அது தனக்கான எண் என்றுதான் படும்.

2001-இல் ஆலன் வில்காக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வை உங்கள் ஆய்வகத்தார் கட்டாயம் படித்திருப்பார்கள். மாதவிலக்கு வர வேண்டிய நாளன்றுகூட, கர்ப்பமானவர்களில் 10 சதவீதம் பேருக்குக் கரு இன்னும் கருப்பையில் பதிந்தே இருக்காது என்று அதில் சொல்கிறார்கள். எவ்வளவு கூர்மையான கிட்டாக இருந்தாலும், அன்றைக்கு அது 90 சதவீதத்தைத் தாண்டிக் கண்டுபிடிக்க முடியாது. இல்லாத ஹார்மோனை எந்தக் கிட் காட்டும்? ஒரு வாரம் பொறுத்தால் அந்த உச்சவரம்பு 97 சதவீதமாகிறது. தள்ளிப்போன அன்றைக்கே இந்த நிலை என்றால், 6 நாள் முன்னால் என்ன நிலை என்று முகப்பில் எழுதிவிட்டு விற்றுப் பாருங்கள்.

மாதவிலக்கை வைத்து எண்ணச் சொல்வது யாருக்கு உதவும்? 28 நாளுக்கு ஒருமுறை கடிகாரம் மாதிரி வருபவர்களுக்கு. எங்களை அழைப்பவர்களில் அவர்கள் கொஞ்சம்தான். இப்போதுதான் பூப்பெய்திய இளம்பெண்கள், நீர்க்கட்டிப் பிரச்சினையால் இரண்டு மாதம் மூன்று மாதம் தள்ளிப்போகிறவர்கள், கருத்தடை மாத்திரையை அப்போதுதான் நிறுத்தியவர்கள், நாற்பதைத் தாண்டி மாதவிலக்கு தாறுமாறாகிப்போனவர்கள் — இவர்களுக்கெல்லாம் தள்ளிப்போன நாள் எது? பாலூட்டும் தாய் ஒருவர் கேட்ட கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். "குழந்தை பிறந்ததிலிருந்து எனக்குப் பீரியட்ஸே வரலையே மேடம், நான் எதுல இருந்து எண்ணுறது?" முதல் மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகலாம் என்பதால், அவருடைய கேள்வி வீண்பயம் இல்லை. அவசரக் கருத்தடை மாத்திரை எடுத்தவர்கள் நிலைமை இன்னும் குழப்பம். அந்த மாத்திரையே மாதவிலக்கை முன்னே இழுக்கும் அல்லது பின்னே தள்ளும். அவர்களுக்கு உறவு கொண்ட நாளைத் தவிரப் பிடித்துக்கொள்ள வேறு நாள் கிடையாது.

ஒழுங்காக வருபவர்களுக்குக்கூட ஒரு பொறி இருக்கிறது. லேசாக இரத்தம் பட்டதும் 'வந்துவிட்டது' என்று விட்டுவிடுகிறார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்திலும் சிலருக்கு அப்படிப் படும். வழக்கத்தைவிடக் குறைவாக, ஒரு நாளோ இரண்டு நாளோ வந்து நின்றால் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

'பாதுகாப்பான நாள்' பற்றி நீங்கள் ஒன்றும் சொல்வதில்லை, அது உங்கள் வேலையும் இல்லை என்பீர்கள். ஆனால் உங்களில் சிலர் கருமுட்டை வெளியாகும் நாளைக் காட்டும் கிட்டும் விற்கிறீர்கள், நாள் கணக்கு வைக்கும் செயலியும் தருகிறீர்கள். செயலியில் பச்சை நிறத்தில் காட்டிய நாளை நம்பினேன் என்று அழைப்பவர்கள் இருக்கிறார்கள். கருத்தரிக்க வாய்ப்புள்ள 6 நாளும் மாதவிலக்குச் சுழற்சியின் 10-ஆம் நாளுக்கும் 17-ஆம் நாளுக்கும் நடுவே முழுமையாக அடங்குவது ஏறக்குறைய 30 சதவீதப் பெண்களுக்குத்தான் என்று அதே வில்காக்ஸ் குழு 2000-இல் எழுதியது. மற்றவர்களுக்கு முன்னேயோ பின்னேயோ வழிகிறது. வெளியே எடுத்துவிட்டோம் என்பதும் இதே மாதிரி ஒரு நம்பிக்கைதான். அதை மட்டுமே நம்பி ஒரு வருடம் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்குக் கர்ப்பமாகிறார்கள். எதுவுமே இல்லாமல் இருந்தால் நூற்றில் 85 பேர். ஒரே ஒரு தடவையில் இவ்வளவு இல்லை. சுழற்சியின் எந்த நாள் என்பதைப் பொறுத்து மிகவும் மாறும். ஆனால் எந்த நாள் என்று யாருக்கு உறுதியாகத் தெரியும்?

வாரம் காட்டும் டிஜிட்டல் கிட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இதில்தான் அதிகக் கோபம். உங்கள் திரை வாரத்தைக் கருத்தரித்த நாளிலிருந்து கணக்கிட்டுக் காட்டுகிறது. மருத்துவர் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து கணக்கிடுகிறார். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு வார வித்தியாசம். உங்கள் திரையில் '2-3' என்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் போன தம்பதிக்கு அவர் '5 வாரம்' என்கிறார். கணவர் நாட்களை விரல்விட்டு எண்ணுகிறார்: ஐந்து வாரத்துக்கு முன்னால் நான் ஊரிலேயே இல்லையே. அப்புறம் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. மருத்துவரும் சரி, உங்கள் கிட்டும் சரி, அந்தப் பெண்ணும் சரி. ஒரு வரி விளக்கம் திரைக்குப் பக்கத்தில் இல்லாததுதான் தவறு.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்களும் எனக்குத் தெரியும். ஒன்று, 'உள்ளே உள்ள தாளில் எல்லாம் இருக்கிறது.' உள்ளே உள்ள தாளை, விளைவு வந்த பிறகு, அதுவும் சிலர்தான், பிரித்துப் பார்க்கிறார்கள். வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் நேரத்தில் கண்ணில் படுவது பெட்டி மட்டும்தான். இன்னொன்று, 'இது மருத்துவரின் வேலை.' மருத்துவரிடம் போக முடிந்தவர்கள் உங்கள் கிட்டை நள்ளிரவில் ஒளித்து வாங்கி வருவதில்லை. உங்கள் வாடிக்கையாளர்களில் பலருக்கு அந்தப் பெட்டிதான் முதல் மருத்துவர். உடல் தங்களுடையது, விடையும் தங்களுக்கே முதலில் தெரியட்டும் என்பதற்காகத்தான் இந்தக் கருவி ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு வந்தது. 1967-இல் மார்கரெட் கிரேன் என்ற வடிவமைப்பாளர், தான் வேலை பார்த்த மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் வரிசையாக நின்ற சோதனைக் குழாய்களைப் பார்த்துவிட்டு, இதைப் பெண்களே வீட்டில் செய்யலாமே என்று முதல் மாதிரியைச் செய்தார். விடையை வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள், நல்லது. அந்த விடையை எப்போது நம்பலாம் என்பதை மட்டும் ஏன் இன்னும் ஆய்வகத்திலேயே வைத்திருக்கிறீர்கள்?

மூன்றாவது பதிலை நீங்கள் வெளியே சொல்லமாட்டீர்கள்: காத்திருக்கச் சொன்னால் விற்பனை குறையும். பயத்தில் மூன்று நாளுக்கு ஒன்று என்று வாங்குபவர்கள் ஒன்றோ இரண்டோ வாங்குவார்கள். குறையட்டும்.

நான் கேட்பவை இவை. பெட்டியின் முகப்பில், நிறுவனப் பெயருக்கு அடுத்த பெரிய எழுத்தில், 'கடைசியாகப் பாதுகாப்பில்லாத உறவு கொண்டு 21 நாள் கழிந்த பிறகு வரும் விளைவை நம்பலாம்' என்று போடுங்கள். மாதவிலக்குக் கணக்கை அதற்குக் கீழே போட்டுக்கொள்ளுங்கள், எடுக்கச் சொல்லவில்லை. 6 நாள் முன்பே என்பதை விட மனமில்லை என்றால், அன்றைக்கு எத்தனை பேரை உங்கள் கிட் தவறவிடும் என்ற எண்ணையும் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

அதே முகப்பில் இன்னொரு வரி கட்டாயம் வேண்டும்: 'உறவு கொண்டு 5 நாள் ஆகவில்லையா? உங்களுக்கு இப்போது தேவை இந்தக் கிட் அல்ல. அவசரக் கருத்தடை பற்றி உடனே மருந்தாளுநரையோ மருத்துவரையோ கேளுங்கள்.' எல்லாவற்றிலும் ஒன்றுதான் செய்வோம் என்றால் இதைச் செய்யுங்கள்.

உள்ளே உள்ள தாளில், 21 நாளுக்கு முன் வரும் நெகட்டிவை 'கர்ப்பம் இல்லை' என்று எழுதாதீர்கள். 'இன்னும் தெரியவில்லை, ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள்' என்று எழுதுங்கள். சீக்கிரம் பார்ப்பவர்கள் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் பார்க்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்க்கக் கூடாது, தாளில் குறித்த நேரத்துக்கு அப்புறம் மெதுவாகத் தெரியும் மங்கல் கோட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பதைப் படத்தோடு போடுங்கள். 21 நாளுக்குப் பிறகும் நெகட்டிவ், மாதவிலக்கும் வரவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கோடு வந்தவருக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, இரத்தப்போக்கு, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் அது கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் இருக்கட்டும். வாரம் காட்டும் கிட்டில், மருத்துவர் சொல்லும் எண் இதைவிட இரண்டு வாரம் கூடுதலாக இருக்கும் என்பதைத் திரைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இதில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள், செய்வது எந்தத் தேதிக்குள் என்று ஒவ்வொரு நிறுவனமும் பகிரங்கமாகப் பதில் எழுத வேண்டும். தனிப்பட்ட கடிதம் வேண்டாம். புதுப் பெட்டி அச்சாகி வர மாதங்கள் ஆகும் என்று சொல்வீர்கள். அதுவரை கடைகளில் இருக்கும் பெட்டிகளில் 21 நாள் வரியும் 5 நாள் வரியும் உள்ள ஸ்டிக்கர் ஒட்டுங்கள். வாசகம் எழுதத் தயக்கம் என்றால் எங்கள் மையத்தில் இருப்பவர்கள் எழுதித் தருகிறோம். இப்போதும் அதைத்தான் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு தொலைபேசி ஆலோசகர்